பின்பருவச் செர்ரி ரகங்கள்: ஓக்கனாகன் சரிவுத் தோட்டங்களில் கற்றவை

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஓக்கனாகன் பள்ளத்தாக்கின் வடபகுதியில் உள்ள சரிவுத் தோட்டங்களில் இனிப்புச் செர்ரி மரங்களைப் பராமரிப்பதே என் தொழில். புதிதாகச் செர்ரி நட விரும்பி என்னிடம் யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: எல்லாவற்றையும்விடத் தாமதமாகப் பழுக்கும் ரகம் எது? விலையை மனத்தில் வைத்துப் பார்த்தால் அது நியாயமான கேள்விதான். ஆனால் தாமதமாகப் பழுப்பது என்பது, மற்ற ரகங்களைவிட இரண்டு மூன்று வாரங்கள் கூடுதலாகப் பழம் மரத்தில் தொங்குவது என்பதையும் சேர்த்தே குறிக்கும். அந்தக் கூடுதல் வாரங்களில் தங்கள் நிலத்தில் மழை எப்படிப் பெய்யும், வெயில் எப்படி அடிக்கும், எந்தப் பூச்சி பெருகும் என்பதை முதலில் எண்ணிப் பார்ப்பவர்களே பொருத்தமான ரகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை இங்குள்ள தோட்டங்களில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

பின்பருவ ரகங்களுக்கு இங்கே இவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணம் எல்லைக்குத் தெற்கே இருக்கும் வாஷிங்டன் மாநிலம். ஜூன் மாதமும் ஜூலை மாதமும் அங்கிருந்து வரும் செர்ரியின் அளவோடு எங்கள் பள்ளத்தாக்கு போட்டியிடவே முடியாது. அங்கே அறுவடை ஓய்ந்த பிறகு, ஆகஸ்ட் மாதத்தில், உறுதியான பெரிய பழத்தைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் நல்ல விலை கிடைக்கும். ஆசியச் சந்தைகளில், குறிப்பாகச் சீனர்களின் நிலாத் திருவிழாவை ஒட்டி, பரிசுப் பெட்டிகளுக்குப் பெரிய செர்ரி தேடப்படுவதும் இந்தக் காலத்தோடு பொருந்தி வருகிறது. வான்கூவரிலிருந்து கப்பலில் இரண்டு மூன்று வாரம் பயணம் செய்து சேர வேண்டியிருப்பதால், தாமதமாகப் பழுப்பதோடு பழத்தின் இறுக்கமும் அதே அளவு முக்கியம் ஆகிறது.

இங்கே பயிராகும் பின்பருவ ரகங்களில் பெரும்பாலானவை இதே பள்ளத்தாக்கில் பிறந்தவை. 1914-இல் தொடங்கப்பட்ட சம்மர்லாண்ட் ஆராய்ச்சி நிலையம் உலகெங்கும் செர்ரி வளர்ப்போர் அறிந்த பெயர். இனிப்புச் செர்ரி இயல்பாகவே தன் மகரந்தத்தால் காய் பிடிக்காத மரம். பூக்கும் காலம் ஒத்துப்போகும் வேறொரு ரகம் அருகில் இருந்தாக வேண்டும். இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் ஆய்வகத்தில் எக்ஸ் கதிர் பாய்ச்சப்பட்ட மகரந்தத்தைக் கொண்டு உருவாக்கிய ஒரு செடியை லாம்பர்ட் ரகத்தோடு சேர்த்து, 1968-இல் சம்மர்லாண்ட் வெளியிட்ட ஸ்டெல்லா அந்தத் தடையை உடைத்தது. லாப்பின்ஸ், ஸ்கீனா, ஸ்வீட்ஹார்ட், ஸ்டக்காட்டோ ஆகிய நான்கும் அந்தத் தன்மகரந்தச் சேர்க்கைப் பண்பைச் சுமந்தே வருகின்றன. பூக்கும் காலத்தில் குளிர்ந்து ஈரமாக இருந்தால் தேனீக்கள் கூட்டை விட்டு வெளியே வரத் தயங்கும். அப்படிப்பட்ட ஆண்டுகளில் இந்தப் பண்பின் அருமை தெரியும். ஆனால் நல்ல வெயில் அடிக்கும் வசந்தத்தில் அதே பண்பு தேவைக்கு மேல் காய் பிடிக்க வைத்துவிடும். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரகங்களுக்குப் போவதற்கு முன் நிலத்தின் உயரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓக்கனாகன் ஏரியின் மட்டம் கடலுக்கு மேல் சுமார் 342 மீட்டர். அதற்கு மேலே சரிவில் 500, 600 மீட்டர் வரை தோட்டங்கள் ஏறிப் போகின்றன. நூறு மீட்டர் உயர்ந்தால் மூன்று நான்கு நாள் தாமதமாகப் பழுக்கும் என்பது இங்கே எல்லோரும் கைக்கணக்காக வைத்திருப்பது. ஆகவே ஏரிக்கரை ஓரத்தில் நடப்பட்ட ஸ்டக்காட்டோவும், மேல்சரிவில் நடப்பட்ட ஸ்வீட்ஹார்ட்டும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடுகின்றன. கரையோர நிலத்தில் மிகத் தாமதமான ரகத்தை நடுவது, மேலே இருப்பவர் இயல்பாகப் பெறும் பலனுக்காகக் கூடுதல் உரிமத் தொகை செலுத்துவதற்குச் சமம். அதே சமயம் மேல்சரிவு எல்லாமே நல்ல நிலம் ஆகிவிடாது. இரவில் குளிர்காற்று சரிவில் இறங்கி, ஒரு வரப்போ மரவேலியோ தடுக்கும் இடத்தில் தேங்கி நிற்கும். நிலம் வாங்குவதற்கு முன் ஏப்ரல் மாத விடியற்காலையில் அங்கே போய், சரிவின் மேலும் நடுவிலும் அடியிலும் வெப்பமானியை மாட்டிப் பார்ப்பது எந்த மண் பரிசோதனைக்கும் குறையாத பயன் தரும்.

லாப்பின்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வேன் ரகத்தையும் ஸ்டெல்லாவையும் சேர்த்துப் பெறப்பட்ட இது, பழைய பிங் ரகத்துக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துப் பழுக்கிறது, நிறையக் காய்க்கிறது, தொழில் பழகுபவருக்கு மன்னிப்பு அதிகம் தரும் மரம். ஆனால் வாஷிங்டன் பழம் இன்னும் சந்தையில் இருக்கும்போதே இதுவும் வந்துவிடுவதால், பின்பருவ ரகம் என்ற பெயருக்கான விலை இப்போது இதற்குக் கிடைப்பதில்லை. மரம் நெட்டுக்குத்தாக வளரும்; இளம் கிளைகளைத் தொடக்கத்திலேயே விரித்துக் கட்டாவிட்டால் நடுவில் வெளிச்சம் நுழையாது.

ஸ்கீனா, லாப்பின்ஸுக்குச் சில நாள் பின்னே வருகிறது. பெரிய, கறுத்த, கடித்தால் சத்தம் கேட்கும் அளவுக்கு இறுக்கமான பழம். மழையில் வெடிப்பதும் ஒப்பீட்டளவில் குறைவு. உண்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த ரகம் இதுதான். ஆனால் இரண்டு குணங்களைத் தெரிந்துகொண்டுதான் நட வேண்டும். கடும் வெயில் தொடர்ந்து அடித்தால் பழம் சட்டென்று மென்மையாகி, பறிப்புக்குரிய நாட்கள் சுருங்கிவிடும். மற்றொன்று, காம்பின் பிடிப்பு தளர்வானது. நன்கு பழுத்த ஸ்கீனாவைப் பறிக்கும்போது, காம்பைப் பிடித்து லேசாக மேல்நோக்கித் திருகும் வழக்கமான கையசைவிலேயே பழம் தனியாகவும் காம்பு தனியாகவும் வந்துவிடுவதைப் பார்க்கலாம். பச்சைக் காம்போடு இருக்கும் பழத்துக்குத்தான் ஏற்றுமதிப் பெட்டியில் இடம் என்பதால், ஸ்கீனா வரிசைகளுக்கு அனுபவமுள்ள கைகளை மட்டும் அனுப்ப வேண்டும். நிறம் முழுக் கறுப்பை எட்டும்வரை காத்திருக்காமல், கருஞ்சிவப்பில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

ஸ்வீட்ஹார்ட்தான் பின்பருவம் என்ற சொல்லுக்கே இங்கே பொருள் கொடுத்த ரகம். வேன், நியூஸ்டார் ஆகியவற்றின் வாரிசான இது பிங்குக்கு ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துப் பழுக்கிறது. பழம் மிக இறுக்கமாக இருக்கும். பழுத்த பிறகும் பளிச்சென்ற சிவப்பிலேயே நிற்கும். இந்தச் சிவப்பில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. சர்க்கரை ஏறுவதற்கு முன்பே நிறம் வந்துவிடுவதால், கண்ணால் பார்த்து முடிவெடுப்பவர்கள் புளிப்பும் நீர்ச்சுவையுமான பழத்தைப் பறித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வரிசையிலும் மரத்தின் உச்சி, நடு, அடி மூன்றிலிருந்தும் பழம் எடுத்துப் பிழிந்து, ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் பிரிக்ஸ் அளவு, அதாவது சர்க்கரையின் அளவு, பார்த்த பிறகே பறிப்பை அறிவிப்பது எங்கள் வழக்கம். உச்சியில் 19 காட்டும் நாளில் அடிக்கிளையில் 15 காட்டுவதும் உண்டு. அப்படிப்பட்ட நிலையில் ஒரே மூச்சில் பறிக்காமல், இரண்டு தடவையாகப் பறிக்கக் கூலி கட்டுபடியாகுமா என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும்.

ஸ்வீட்ஹார்ட்டின் பெரிய குறை அதன் அளவற்ற காய்ப்பு. ஒரு பழம் பெரிதாகவும் இனிப்பாகவும் வளர ஏறக்குறைய ஐந்து நல்ல இலைகள் அதற்கு உணவு தர வேண்டும் என்பது செர்ரி வளர்ப்பில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. கவாத்துச் செய்யாமல் விட்ட ஸ்வீட்ஹார்ட் கிளையில் ஜூன் மாதம் எண்ணிப் பார்த்தால், திராட்சைக் குலைபோல் காய் அடர்ந்திருக்கும். இலை அதில் பாதிக்குக்கூடத் தேறாது. அந்தக் காய்கள் அனைத்தும் பழுக்கும், ஆனால் ஒன்றும் 24 மில்லிமீட்டரைத் தாண்டாது. சந்தையோ 28 மில்லிமீட்டருக்கு மேல்தான் நல்ல விலை தருகிறது. குளிர்காலக் கவாத்தில் காய்க்கும் முடிச்சுகளைத் தயக்கமின்றிக் குறைப்பது ஒன்றே இதற்கு வழி. நான் வேலை செய்யும் தோட்டத்தின் உரிமையாளரான பஞ்சாபியப் பெரியவர், கீழே விழுந்து கிடக்கும் மொட்டுக் கிளைகளைப் பார்த்து ஒவ்வொரு பிப்ரவரியிலும் பெருமூச்சு விடுவார். ஆனாலும் வெட்டுவதை நிறுத்தச் சொன்னதே இல்லை. ஆகஸ்டில் பழத்தின் அளவுவாரியாகப் பெட்டிகள் பிரிக்கப்படுவதைப் பார்த்துப் பழகியவர் அவர்.

இன்னொன்று, ஸ்வீட்ஹார்ட் கடைசியில் பழுத்தாலும் பூப்பதில் முந்திக்கொள்ளும். முழுப்பூ நிலையில் மைனஸ் 2.2 டிகிரியில் பத்தில் ஒரு பங்கு மொட்டும், மைனஸ் 3.9 டிகிரியில் பத்தில் ஒன்பது பங்கும் கருகிவிடும். இடையில் இருப்பது இரண்டு டிகிரிகூட இல்லை. உறைபனி தேங்கும் தாழ்வில் ஸ்வீட்ஹார்ட்டை நட்டால், காற்றைக் கலக்கும் ராட்சத விசிறிக்கான செலவையும் அதே நாளில் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

ஸ்டக்காட்டோ, ஸ்வீட்ஹார்ட்டின் விதையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்கும் சுமார் ஒரு வாரம் பின்னே வருகிறது. மேல்சரிவுகளில் ஆகஸ்ட் மாதக் கடைசி வரைக்கும் பறிப்பு நீள்வது பெரும்பாலும் இதனால்தான். தாயைவிடக் காய்ப்பு அடக்கமாகவும், பழம் பெரிதாகவும், நிறம் சற்று ஆழமாகவும் இருக்கிறது. நிறமும் சர்க்கரையும் ஏறக்குறைய ஒன்றாக நகர்வதால் பறிப்பு நாளைக் கணிப்பது எளிது. நான் பராமரித்தவற்றில், மேல்நிலத்துக்கு இதுவே சிறந்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. உரிமம் பெற்ற நாற்றங்காலிலிருந்துதான் வாங்க முடியும், விலையும் அதிகம் என்பது உண்மை. ஆனால் கவாத்துக் கூலியிலும் பழ அளவிலும் அந்தத் தொகை திரும்பி வந்துவிடுகிறது.

ஜெர்மனியின் யோர்க் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரெஜினாவையும், செக் நாட்டிலிருந்து வந்த கோர்டியாவையும் சிலர் மழைக்குப் பயந்து விரும்புகிறார்கள். வெடிப்பைத் தாங்குவதில் ரெஜினா மேற்சொன்ன நால்வரையும் மிஞ்சும். ஐரோப்பாவின் மழை மிகுந்த பகுதிகளில் அது கொண்டாடப்படுவது அதனால்தான். ஆனால் அதற்கு வேற்று மகரந்தம் வேண்டும், மிகத் தாமதமாகப் பூப்பதால் கூடவே பூக்கும் துணை ரகம் கிடைப்பதும் கடினம், விளைச்சலும் சுமார்தான். கோடை வறண்டிருக்கும் எங்கள் பள்ளத்தாக்கில் அது கொடுக்கும் பாதுகாப்புக்கு இந்த விலை அதிகம் என்பது என் கருத்து.

வறண்ட பள்ளத்தாக்கு என்றாலும் அறுவடைக் காலத்தில் இரண்டு இடிமழை போதும், ஓராண்டு உழைப்பு போய்விடும். பழம் வெடிப்பது எப்படி என்பதை அருகில் நின்று பார்த்தால்தான் தடுக்கும் வழி புரியும். மழை நின்றதும் ஒரு பழத்தைக் கையில் எடுத்துக் காம்பைச் சுற்றியுள்ள குழியைப் பாருங்கள்: அங்கே ஒரு துளி நீர் தேங்கி நிற்கும். பழத்தின் அடிமுனையிலும் ஒரு துளி தொங்கிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு இடங்களிலும்தான் தோல் நீரை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் முதலில் வளையமாகவும் பின்பு ஆழமான பிளவாகவும் விரிகின்றன. சர்க்கரை ஏறிய பழம் இன்னும் வேகமாக உறிஞ்சும். அதனால்தான் மழை நின்ற சில நிமிடங்களில் ஹெலிகாப்டர்கள் மரங்களுக்கு மேலே தாழப் பறந்து நீரை உதறிவிடுகின்றன. பள்ளத்தாக்குக்குப் புதியவர்கள் அந்தச் சத்தத்தில் காட்டுத்தீயோ என்று திடுக்கிடுவார்கள். சிறு தோட்டங்களில் டிராக்டரில் பூட்டிய ஸ்பிரேயரின் விசிறியை மட்டும் ஓட்டி அதே வேலையைச் செய்கிறோம். மழைக்கு முன் கால்சியம் குளோரைடு தெளிப்பது ஓரளவு உதவும். வெப்பத்தில் அடர்த்தியாகத் தெளித்தால் இலை கருகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். காய் வைக்கோல் நிறத்துக்கு வரும்போது ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்தால் பழம் இறுகி, பழுப்பதும் சில நாள் தள்ளிப்போகும். ஸ்வீட்ஹார்ட்டிலும் ஸ்கீனாவிலும் இது எனக்கு நம்பகமாக வேலை செய்திருக்கிறது. ஆனால் மழை எப்போது வரும் என்று தெரியாத நிலையில், நாளைத் தள்ளிப்போடுவது எப்போதும் நன்மையாகவே முடியும் என்று சொல்வதற்கில்லை.

வேர்ச்செடியின், அதாவது ரகத்தை ஒட்டுக்கட்டும் அடிச்செடியின், தேர்வு ரகத்தின் தேர்வுக்குச் சமமான முடிவு. ஜெர்மனியின் கீசன் நகரில் உருவான கிசெலா வரிசை வேர்ச்செடிகள் மரத்தைக் குட்டையாக்கி, மூன்றாம் நான்காம் ஆண்டிலேயே காய்க்க வைக்கின்றன. கிசெலா 5-இல் ஸ்வீட்ஹார்ட்டை ஒட்டுவதை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தானே அதிகம் காய்க்கும் ரகம், காய்ப்பைத் தூண்டும் வேர் ஆகிய இரண்டும் சேர்ந்தால் மரம் வளர்ச்சியை நிறுத்தி, சிறு பழங்களின் கூட்டமாக மாறிவிடுகிறது. கிசெலா 6 அல்லது 12 பொருந்தும். மண் மெலிந்த, சரளை மிகுந்த சரிவுகளில் மஸ்ஸார்டு என்னும் பழைய காட்டுச் செர்ரி வேரே தேவலை. ஏணி வைத்துப் பறிக்க வேண்டியிருந்தாலும் பழ அளவு குறையாது.

தாமதத்துக்கு நாம் கொடுக்கும் மற்றொரு விலை பூச்சியும் நோயும். சிறகில் புள்ளியுள்ள ட்ரோசோஃபிலா ஈ 2009-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கண்டறியப்பட்டது. மற்றப் பழ ஈக்கள் அழுகிய பழத்தைத் தேடும். இதன் பெண் ஈயோ ரம்பம்போன்ற முட்டைக்குழாயால் நல்ல பழத்தின் தோலையே கிழித்து உள்ளே முட்டையிடும். கோடை நீள நீள அதன் தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகுவதால், ஜூலையில் பறிக்கும் லாப்பின்ஸ் தப்பித்துவிடும் இடத்தில் ஆகஸ்டில் பறிக்கும் ஸ்டக்காட்டோ மாட்டிக்கொள்ளும். நிறம் திரும்பத் தொடங்கியதிலிருந்து பறிப்பு வரை தெளிப்பு இடைவெளியைத் தவறவிடக் கூடாது; அதோடு, ஒவ்வொரு மருந்துக்கும் பறிப்புக்கு முன் விட வேண்டிய நாட்களும், பழத்தில் தங்கும் மருந்துக்கு வாங்கும் நாடு விதிக்கும் வரம்பும் வெவ்வேறாக இருப்பதால், பருவத்தின் தொடக்கத்திலேயே பொதிசெய்யும் நிலையத்தோடு பேசி அட்டவணையை எழுதிக்கொள்ள வேண்டும். பக்கத்து வரிசையில் முந்திப் பழுத்த ரகத்தின் எஞ்சிய பழங்களை மரத்தில் விட்டுவைப்பது இந்த ஈக்கு நாமே பண்ணை அமைத்துக் கொடுப்பது ஆகும். பறித்து முடித்த வரிசையை அன்றே துப்புரவாக்குவது மருந்தைவிட மேலானது. சாம்பல் நோயும் அப்படித்தான்: ஸ்வீட்ஹார்ட் அதற்கு எளிதில் ஆட்படும், ஜூன் மாதம் இலையில் காணும் வெள்ளைப் பூச்சைப் பொருட்படுத்தாவிட்டால் ஆகஸ்டில் அது பழத்தின் மீது வந்து நிற்கும்.

வானிலையின் உச்சங்கள் எந்த ரகத்தையும் விட்டுவைக்கவில்லை. 2021 ஜூன் இறுதியில், இதே மாகாணத்தின் லிட்டன் ஊரில் 49.6 டிகிரி பதிவான அந்த வெப்ப அலையில், எங்கள் பள்ளத்தாக்கும் 40 டிகிரிக்கு மேல் வெந்தது. அப்போது பழுக்கும் தறுவாயில் இருந்த முன்பருவப் பழங்கள் கிளையிலேயே வெந்து சுருங்கின. பச்சையாக இருந்த பின்பருவக் காய்கள் தென்மேற்கு வெயில் படும் பக்கத்தில் அடிவாங்கினாலும் பெருமளவு மீண்டன. 2024 ஜனவரியில் வந்த கடுங்குளிரில் நிலைமை வேறு: மொட்டுகள் உறங்கும் காலம் என்பதால் ரக வேறுபாட்டைவிட நிலத்தின் வேறுபாடே முடிவைத் தீர்மானித்தது. குளிர்காற்று வடிந்துபோன சரிவுகளில் ஓரளவு பழம் கிடைத்தது. தேங்கிய தாழ்வுகளில் மொட்டை நடுவே கீறிப் பார்த்தால் பச்சைக்குப் பதிலாகப் பழுப்புப் புள்ளியே தெரிந்தது.

பின்பருவ மரத்துக்கு அறுவடைக்குப் பிறகு ஓய்வுக்காலம் குறைவு என்பதும் பலர் கவனிக்காத ஒன்று. அடுத்த வசந்தத்தின் பூவும் முதல் இலைகளும் மரம் இலையுதிர்காலத்தில் சேர்த்துவைத்த உணவிலிருந்துதான் வருகின்றன. ஆகஸ்ட் கடைசியில் பறித்து முடித்த மரத்துக்குச் செப்டம்பர் மட்டுமே நல்ல மாதம். ஆகவே பறிப்பு முடிந்தது என்று சொட்டுநீரை நிறுத்திவிடாமல், அளவாக நீர் விட்டு, இலையைச் சிலந்திப் பேனிலிருந்து காத்து, தேவைப்பட்டால் இலைவழியே சிறிது யூரியா கொடுத்து மரத்தைத் தேற்ற வேண்டும். தழைச்சத்தை மண்ணில் தாராளமாக இடுவது மட்டும் கூடாது. இளந்துளிர் குளிருக்கு இரையாகும்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பங்கீடு இதுதான். மேல்சரிவில் பத்து ஏக்கர் இருந்தால் ஐந்தில் ஸ்டக்காட்டோ, மூன்றில் ஸ்வீட்ஹார்ட், இரண்டில் ஸ்கீனா. பறிப்பவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவதால் ஒரு நாளில் ஒரு குழுவால் முடியும் அளவுக்கு எல்லை உண்டு. மூன்று ரகமும் அடுத்தடுத்து வந்தால் அதே குழுவை இடைவெளியின்றி வைத்துக்கொள்ள முடியும், ஒரு மழை எல்லாவற்றையும் ஒருசேரக் கெடுக்கவும் முடியாது. ஏரியை ஒட்டிய தாழ்நிலத்தில் ஸ்கீனாவை முதன்மையாக வைத்து, உறைபனி தேங்காத மூலையில் மட்டும் ஸ்வீட்ஹார்ட்.

கன்றுகளை நடுவதற்கு இரண்டு ஆண்டு முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும். அப்போது விலைக்கு முன்னால், தாய்மரங்கள் வைரஸ் பரிசோதனை செய்யப்பட்டவைதானா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வைரஸால் வரும் சிறுசெர்ரி நோய் இந்த மாகாணத்தின் கூட்டனே பகுதியில் 1930-களில் பரவி அங்கிருந்த செர்ரித் தொழிலையே நிலைகுலையச் செய்தது. நோய் தாக்கிய மரம் ஆண்டு முழுதும் நலமாகவே தோன்றும். பறிப்புக்கு முந்தைய வாரங்களில்தான் சில கிளைகளில் பழம் சிறுத்து, வெளிறி, சுவையற்று நிற்பது தெரியவரும். பின்பருவ ரகங்களில் அது இன்னும் தாமதமாகத் தெரிவதால், ‘இன்னும் பழுக்கவில்லை’ என்று எண்ணிக் கடந்துபோவது எளிது. அப்படி ஐயம் எழும் மரத்தில் நிறப் பட்டையைக் கட்டி, கிளை மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, உறுதியானால் நோயைப் பரப்பும் மாவுப்பூச்சிக்கு மருந்து தெளித்த பிறகு மரத்தை வேரோடு அகற்றுவதே வழக்கம். அடிமரம் மட்டும் மிஞ்சினால், அதில் துளிர்க்கும் கன்றிலிருந்து நோய் மறுபடி பக்கத்து மரங்களுக்குப் போகும்.